இரவல் பாட்டுகளின் இரவு

கரகரத்த கிட்டார்கள் – 17

1993 நவம்பர் 18. நியூயார்க் நகரின் மன்ஹாட்டனில், சோனி மியூசிக் ஸ்டூடியோ.

மேடை முழுக்க லில்லிப் பூக்கள். வாசிப்பவர்கள் உட்கார இடம் விட்டு, மிச்ச இடமெல்லாம் பூ. நடுநடுவே கறுப்பு மெழுகுவத்திகள். மேலே படிகச் சரவிளக்கு.

இந்த அலங்காரத்தைக் கேட்டு வாங்கியவர் அன்றைக்குப் பாட வந்தவரேதான். மேடை எப்படி இருக்க வேண்டும் என்று நிகழ்ச்சியின் தயாரிப்பாளர் அலெக்ஸ் கொலெட்டி கேட்டபோது, லில்லி, கறுப்பு மெழுகுவத்தி, சரவிளக்கு என்று வரிசையாகச் சொன்னார் கர்ட் கோபேன். சாவு வீடு மாதிரியா என்று கொலெட்டி திருப்பிக் கேட்டார். ஆமாம், அதே மாதிரிதான் என்றார் கோபேன்.

அப்போது அவருக்கு வயது 26.

அன்று மாலை பாடிய 14 பாட்டுகளைத்தான் இன்று நாற்பதையும் ஐம்பதையும் கடந்துவிட்ட ஒரு தலைமுறை, உலகம் முழுக்க, நள்ளிரவில் தனியாக எடுத்துப் போட்டுக் கேட்கிறது. கேசட் நாடா சிக்கிக்கொண்டால் பென்சிலை விட்டுச் சுற்றிச் சரிசெய்த தலைமுறை அது. அவர்கள் அந்தப் பாட்டுகளில் எதைத் தேடுகிறார்கள்?

அதைத் தெரிந்துகொள்ள, அன்றைக்கு அந்த மேடையில் உட்கார்ந்திருந்தவர் எதைத் தேடினார் என்று முதலில் பார்க்க வேண்டும்.

★

கதை இதுவரை

வாஷிங்டன் மாநிலத்தின் அபர்டீன், மரம் வெட்டிப் பிழைத்த ஊர். அங்கிருந்து கிளம்பிய கோபேனின் நிர்வானா குழு, 606 டாலர் 17 சென்ட் செலவில் ‘பிளீச்’ என்ற முதல் ஆல்பத்தைப் பதிவு செய்ததையும், சியாட்டிலின் ‘சப் பாப்’ என்ற சின்ன நிறுவனம் 1989ல் அதை வெளியிட்டதையும் பார்த்தோம்.

1991 செப்டம்பர் 24ல் ‘நெவர்மைண்ட்’ வந்தது. சுமாராகப் போனால் போதும் என்று நினைத்த அவர்களுடைய புதிய, பெரிய கம்பெனி, அமெரிக்கக் கடைகளுக்கு முதலில் அனுப்பியது ஏறக்குறைய 46,000 பிரதிகள்தான். 1992 ஜனவரியில் அதே ஆல்பம் மைக்கேல் ஜாக்சனின் ‘டேஞ்சரஸ்’ ஆல்பத்தைக் கீழே தள்ளி முதலிடத்தில் உட்கார்ந்தது.

அந்த ஆல்பத்தின் பளபளப்பான ஒலியே கோபேனை உறுத்தியது. அடுத்த ஆல்பத்துக்கு ஒலிப்பதிவாளர் ஸ்டீவ் அல்பினியைத் தேடிப் போனார். விற்பனையில் பங்கு வேண்டாம், செய்த வேலைக்குக் கூலி போதும் என்று சொன்ன மனிதர் அல்பினி. மினசோட்டாவின் காட்டுக்குள் இருந்த ஒரு ஸ்டூடியோவில் பதிவான ‘இன் யூடெரோ’ 1993 செப்டம்பரில் வந்தது. முரட்டுத்தனமான ஆல்பம். அதுவும் முதலிடத்துக்கே போனது.

ஓடிப் போனாலும் புகழ் துரத்திக்கொண்டே வந்தது. அந்த நேரத்தில்தான் எம்.டி.வி. கூப்பிட்டது.

★

எம்.டி.வி. போட்ட கணக்கு

‘அன்பிளக்ட்’ நிகழ்ச்சி 1989ல் தொடங்கியது. மின்சாரக் கிட்டாரையும் பெரிய ஆம்ப்ளிஃபயர்களையும் ஒதுக்கிவிட்டு, நட்சத்திரங்கள் தங்கள் பாட்டை அகூஸ்டிக் கருவிகளோடு மெல்லப் பாடிக்காட்ட வேண்டும். 1992ல் எரிக் கிளாப்டன் இந்த நிகழ்ச்சியில் பாடியது ஆல்பமாக வந்து, மறு ஆண்டு கிராமி விருதுகளை அள்ளியது. அதன்பின் ‘அன்பிளக்ட்’ மேடை ஒரு பொன்முட்டையாகவே ஆகிவிட்டது.

வெற்றிக்கு வழியும் தெளிவாகத் தெரிந்தது. ஊரே முணுமுணுக்கும் பாட்டுகளை எடு, வேகத்தைக் குறை, குரலைத் தாழ்த்து. கூட ஒரு பெரிய நட்சத்திரத்தை விருந்தாளியாக உட்கார வை.

காலமும் கைகொடுத்தது. 1993 அக்டோபரில் பேர்ல் ஜாம் குழுவின் ‘வெர்சஸ்’ வெளியாகி, ஒரே வாரத்தில் ஒன்பது லட்சத்துக்கும் மேல் விற்றது. அந்தக் குழுவின் பாடகர் எட்டி வெட்டரின் முகம் ‘டைம்’ பத்திரிகையின் அட்டையில் வந்தது. சியாட்டில் என்று சொன்னாலே காசு கொட்டும் மாதம் அது.

ஆகவே எம்.டி.வி. எதிர்பார்த்தது இரண்டு விஷயங்கள்: நிர்வானாவின் ஹிட் பாட்டுகள், பெயர் சொன்னால் ஊருக்கே தெரிகிற ஒரு விருந்தாளி.

கோபேன் கொடுத்த பட்டியலில் இரண்டுமே இல்லை.

‘நெவர்மைண்ட்’ ஆல்பத்தை உலகம் முழுக்கக் கொண்டுபோன ‘ஸ்மெல்ஸ் லைக் டீன் ஸ்பிரிட்’ இல்லை. பெரிய ஹிட் என்று பார்த்தால் ‘கம் ஆஸ் யூ ஆர்’ ஒன்றுதான் இருந்தது. மொத்தம் 14 பாட்டு. அதில் 6 பாட்டு நிர்வானாவுடையதே இல்லை, பிறர் பாட்டுகள்.

விருந்தாளிகள்? மீட் பப்பெட்ஸ் என்றார் கோபேன்.

எம்.டி.வி. அலுவலகத்தில் முகங்கள் வாடின. எத்தனை பேருக்கு இவர்களைத் தெரியும்?

★

வண்டி நிறுத்துமிடத்தில் கேட்ட சத்தம்

மீட் பப்பெட்ஸ், அரிசோனா பாலைவனத்தின் பீனிக்ஸ் நகரத்துக் குழு. கர்ட் கிர்க்வுட், கிறிஸ் கிர்க்வுட் என்று அண்ணன் தம்பி இருவர், கூடவே ஒரு டிரம்ஸ்காரர். 1984ல் அவர்கள் போட்ட இரண்டாவது ஆல்பத்தில் பங்க் இசையின் வேகமும் நாட்டுப்புறப் பாட்டின் அலைச்சலும் வெயிலில் உருகி ஒன்றாகியிருந்தன. பாடுபவரின் சுருதி நிற்காது. ஆனால் ஒருமுறை கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள்.

அந்த ஆல்பத்தை வெளியிட்டது கலிபோர்னியாவின் எஸ்.எஸ்.டி. நிறுவனம். ‘பிளாக் ஃபிளாக்’ என்ற பங்க் குழுவின் கிட்டார்காரர் கிரெக் ஜின் நடத்தியது. பெரிய கம்பெனிகள் திரும்பிப் பார்க்காத குழுக்களுக்கு அதுதான் வாசல்.

அந்தப் பாட்டுகள் ஊர் விட்டு ஊர் போன விதத்தை இன்றைய பிள்ளைகளுக்கு விளக்கித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. வானொலியில் வராது. டிவியில் வராது. கல்லூரி மாணவர்கள் நடத்திய சின்ன வானொலி நிலையங்களில் இரவில் கேட்கலாம். கையால் ஒட்டி நகலெடுத்த பத்திரிகைகளில் பெயரைப் படிக்கலாம். நாலு பேர் ஒரு வேனில் கருவிகளை ஏற்றிக்கொண்டு வந்து பாடிவிட்டுப் போனால் நேரில் கேட்கலாம். எல்லாவற்றையும்விட முக்கியம், யாராவது ஒரு மூத்த நண்பன் ஒரு கேசட்டில் பதிந்து கொடுக்க வேண்டும்.

கோபேனுக்கு அந்த மூத்த நண்பன் பஸ் ஆஸ்போர்ன். ‘மெல்வின்ஸ்’ குழுவின் பாடகர். 1983ல் அபர்டீனுக்குப் பக்கத்து ஊரான மாண்டெசானோவில், ஆஸ்போர்ன் வேலை பார்த்த திரிஃப்ட்வே பலசரக்குக் கடையின் பின்னால், வண்டி நிறுத்துமிடத்தில் மெல்வின்ஸ் வாசித்தார்கள். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பதினாறு வயதுக் கோபேனும் ஒருவர். தான் தேடிக்கொண்டிருந்தது இதுதான் என்று பின்னாளில் தன் குறிப்பேட்டில் எழுதிவைத்தார்.

அதன்பின் ஆஸ்போர்ன் அவருக்குப் பங்க் பாட்டுகளைக் கேசட்டுகளில் பதிந்து கொடுத்தார். கோபேன் தன் ஊரை விட்டு வெளியேறிய முதல் வழி அந்தக் கேசட்டுகள்தாம்.

ஆகவே, எம்.டி.வி.க்கு மீட் பப்பெட்ஸ் ஒரு நஷ்டக் கணக்கு. கோபேனுக்கு அவர்கள் தான் வளர்ந்த உலகத்தின் ஆட்கள். அந்த இலையுதிர் காலச் சுற்றுப்பயணத்தில் அவர்களைத் தன் குழுவோடு ஏற்கெனவே அழைத்துப் போயிருந்தார். கோடிக்கணக்கான பேர் பார்க்கும் ஒரு மேடை கிடைத்தபோது, அதிலும் தன் பக்கத்தில் உட்கார வைக்க விரும்பினார்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அன்று இரண்டாவது கிட்டார் வாசித்த பேட் ஸ்மியர், 1970களின் இறுதியில் லாஸ் ஏஞ்சலஸ் பங்க் உலகத்தைக் கலக்கிய ‘ஜெர்ம்ஸ்’ குழுவைச் சேர்ந்தவர். கோபேன் சின்ன வயதில் போற்றிய கிட்டார்காரர், இப்போது அவருடைய குழுவிலேயே ஓர் ஆள்.

மெல்ல மெல்ல, தன் இளமையையே மேடையில் வந்து உட்கார வைத்துக்கொண்டிருந்தார் அந்த மனிதர்.

★

பரிசுக் காகிதத்தில் சுற்றிய குச்சிகள்

நியூ ஜெர்சியில் இரண்டு நாள் ஒத்திகை. சரியாக வரவில்லை.

கோபேனுக்கு உடம்பு சரியில்லை. பல ஆண்டுகளாக விடாத வயிற்று வலி. அதோடு அவரை விடாமல் பிடித்திருந்த போதைப் பழக்கம். சத்தத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள வழியில்லாத மேடை என்பதால் பதற்றம் வேறு.

அவரை விடவும் பெரிய கவலை டிரம்ஸ். டேவ் குரோல் அடித்தால் சுவர் அதிரும். அகூஸ்டிக் கிட்டாரும் செல்லோவும் அந்த அடியில் காணாமல் போய்விடும்.

கொலெட்டி கடைக்குப் போய் டிரம்ஸ் பிரஷ்களும் மெல்லிய குச்சிக் கட்டுகளும் வாங்கினார். கம்பி இழைகளைக் கொத்தாகக் கட்டியது போலிருக்கும் பிரஷ். ஜாஸ் வாத்தியக்காரர்கள் தோலின் மேல் உரசி வாசிப்பார்கள். பரிசுக் காகிதத்தில் சுற்றி குரோலிடம் கொடுத்தார். மனம் கோணாமல் வாங்கிக்கொண்ட குரோல், இதுவரை என்னிடம் பிரஷ்ஷே இருந்ததில்லை என்றார்.

சின்ன விஷயம். ஆனால் அந்த ஆல்பத்தைக் கேட்கும்போதெல்லாம் காதில் விழும் அந்த உரசல், மழை தூறுவது மாதிரியான அந்தச் சத்தம், அந்தப் பரிசுப் பொட்டலத்திலிருந்து வந்தது.

இன்னொரு ரகசியமும் இருந்தது. கோபேன் தன் ஆம்ப்ளிஃபயரை விடுவதாக இல்லை. நிகழ்ச்சியின் பெயரே ‘அன்பிளக்ட்’ என்பதால், அது மேடை ஸ்பீக்கர் போலத் தெரியும்படி முன்னால் ஒரு பெட்டியைச் செய்துவைத்து மறைத்தார்கள். அன்று பாடிய டேவிட் போவியின் பாட்டு ஒன்றில் கிட்டார் லேசாகக் கரகரப்பது அதனால்தான்.

நேரம் வந்தது. பச்சை நிறக் கம்பளிச் சட்டையில், சுழல் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார் கோபேன். சட்டையில் ஒரு பொத்தான் இல்லை. கையில் 1959ல் செய்த மார்ட்டின் டி-18இ கிட்டார். இடது கைக்கு ஏற்ப நரம்புகளை மாற்றிக் கட்டியது.

★

ஒவ்வொரு பாட்டும் ஒரு கடன்

முதல் பாட்டு ‘அபவுட் எ கேர்ள்’. இது எங்கள் முதல் ஆல்பத்தில் உள்ளது, அநேகம் பேரிடம் அது இருக்காது என்று சொல்லிவிட்டுத் தொடங்கினார்.

‘மீட் தி பீட்டில்ஸ்’ ஆல்பத்தை ஒரு மதியம் முழுக்கத் திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டு எழுதிய பாட்டு அது என்று சொல்வார்கள். குழந்தைப் பருவத்தில் கேட்ட பீட்டில்ஸ், 606 டாலர் ஆல்பத்துக்குள் நுழைந்து, இப்போது பூக்களுக்கு நடுவே வந்து நின்றது.

மூன்றாவது பாட்டுக்கு, குழுவில் பாஸ் வாசிக்கும் கிறிஸ்ட் நோவோசெலிக் தன் பாஸ் கிட்டாரை வைத்துவிட்டு அக்கார்டியனைத் தோளில் மாட்டினார். ஸ்காட்லாந்தின் ‘வேஸலின்ஸ்’ குழுவின் பாட்டு. யூஜின் கெல்லி, பிரான்சிஸ் மெக்கீ என்ற இருவர் 1986ல் தொடங்கி, 1989ல் கலைந்துபோன குழு. 1990ல் நிர்வானா எடின்பரோவுக்கு வந்தபோது, எங்களுக்கு முன்னால் நீங்கள் பாட வேண்டும் என்று கேட்டு அந்த ஒரு கச்சேரிக்காக அவர்களை மறுபடி ஒன்று சேர்த்தவர்கள் இவர்கள்தாம்.

நான்காவது, டேவிட் போவி 1970ல் பாடிய ‘தி மேன் ஹூ சோல்ட் தி வேர்ல்ட்’. இதை நான் கண்டிப்பாகச் சொதப்புவேன் என்று முன்கூட்டியே சொன்னார் கோபேன். சொதப்பவில்லை. பின்னாளில் போவியே மேடையில் அதைப் பாடியபோது, நிர்வானா பாட்டைப் பாடுகிறீர்களே என்று இளைஞர்கள் வந்து பாராட்டியதை அவரே சொல்லியிருக்கிறார்.

அடுத்தது ‘பென்னிராயல் டீ’. இதை நான் தனியாகப் பாடுவதா, என்ன செய்வது என்று குழுவைத் திரும்பிப் பார்த்தார். தனியாகவே பாடு என்றார் குரோல். எந்தச் சுருதியில் பாடுவது என்பதிலும் குழப்பம். வழக்கமான சுருதியில் பாடிப் பார்க்கிறேன், நன்றாக இல்லையென்றால் இவர்கள் காத்திருக்கட்டும் என்று சொல்லிவிட்டுத் தொடங்கினார்.

நடுவில் ஓரிடத்தில் கை தடுமாறுகிறது. நிறுத்தவில்லை. செல்லோ இல்லை, டிரம்ஸ் இல்லை. ஒரு குரல், ஒரு கிட்டார். கூட்டத்தில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. அந்தத் தடுமாற்றத்தை ஆல்பத்தில் அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள். நல்லவேளை.

பிறகு கிர்க்வுட் சகோதரர்கள் மேடை ஏறினார்கள். மூன்று பாட்டு, மூன்றுமே 1984 ஆல்பத்திலிருந்து.

இங்கேதான் ஒரு முக்கியமான காட்சி. கோபேன் தன் கிட்டாரைக் கீழே வைத்துவிட்டார். அந்தப் பாட்டுகளைப் போட்டவர்களே வாசிக்க, இவர் வெறுங்கையோடு உட்கார்ந்து வாயால் மட்டும் பாடினார். குரலுக்கு எட்டாத உயரங்கள் வந்தன. எட்டிப் பிடித்தார், தவறினார், மறுபடி எட்டினார்.

உலகத்தின் மிகப் பெரிய ராக் குழுவின் தலைவர் அப்போது அங்கே இல்லை. தன் அறையில் கேசட்டைப் போட்டுவிட்டுக் கூடவே பாடும் ஒரு பையன் இருந்தான்.

★

ஐந்து லட்சம் டாலர் கிட்டார்

பதின்மூன்று பாட்டு முடிந்தது. ஒன்று மிச்சம்.

அடுத்து வருவது எனக்கு மிகவும் பிடித்த பாடகருடையது என்று சொல்லி லெட் பெல்லியின் பெயரைச் சொன்னார் கோபேன். அவருடைய கிட்டாரை ஐந்து லட்சம் டாலருக்கு எனக்கு விற்கப் பார்க்கிறார்கள் என்றும், அதை வாங்கித் தரும்படி தன் கம்பெனித் தலைவர் டேவிட் கெஃபனிடமே கேட்டுப் பார்த்ததாகவும், அவர் மறுத்துவிட்டதாகவும் சிரித்துக்கொண்டே சொன்னார். கூட்டமும் சிரித்தது.

லெட் பெல்லி என்ற ஹடி லெட்பெட்டர் லூசியானாவில் பிறந்த கறுப்பினப் பாடகர். கையில் பன்னிரண்டு நரம்புக் கிட்டார். வாழ்க்கையில் பல ஆண்டுகள் சிறை. 1933ல் ஜான் லோமாக்ஸும் மகன் ஆலன் லோமாக்ஸும் நாட்டுப்புறப் பாட்டுகளைப் பதிவு செய்ய ஊர் ஊராகப் போனபோது, லூசியானாவின் அங்கோலா சிறையில் அவரைக் கண்டார்கள். 1949ல் நியூயார்க்கில் இறந்தார். கோபேன் அந்தப் பாட்டைப் பாடியதும் அதே நியூயார்க்கில்தான்.

அந்தப் பாட்டு லெட் பெல்லி எழுதியதும் இல்லை. அமெரிக்காவின் தெற்கில், அப்பலாச்சியன் மலை ஊர்களில், பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து வாய்வழியாக வந்த பாட்டு. பைன் மரக் காடு, குளிர், துரோகம், சாவு. எழுதியவர் யாரென்று தெரியாது. நம் ஊர் ஒப்பாரி மாதிரி, பாடுகிறவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் துக்கத்தைச் சேர்த்துச் சேர்த்து வளர்ந்தது.

கோபேனிடம் அது வந்ததும் நட்பு வழியாகத்தான். சியாட்டில் பாடகர் மார்க் லானகனும் அவரும் லெட் பெல்லியின் இசைத்தட்டுகளைச் சேர்ந்து கேட்டவர்கள். 1990ல் வந்த லானகனின் தனி ஆல்பத்தில் இந்தப் பாட்டு உண்டு. அதில் கிட்டார் வாசித்தவர் கோபேன்.

பாட்டு தாழ்ந்த குரலில் தொடங்குகிறது. செல்லோ அடியில் ஓடுகிறது. சரணம் சரணமாக நகர்கிறது. கடைசிச் சுற்றில் திடீரென்று குரல் மேல் ஸ்தாயிக்குத் தாவுகிறது. இதுவரை அடக்கிவைத்ததெல்லாம் ஒரே மூச்சில் வெளியே வருகிறது. தொண்டை கிழிகிறது. கேட்கிறவர்களின் கை தானாக இறுகுகிறது.

கடைசி வரி. கடைசிச் சொற்களுக்கு முன்னால் நிறுத்துகிறார்.

கண்ணைத் திறக்கிறார். இவ்வளவு நேரம் மூடியிருந்த அந்த நீலக் கண்கள் அகலத் திறந்து எங்கேயோ வெறிக்கின்றன. ஒரு மூச்சு உள்ளே போகும் சத்தம் மைக்கில் தெளிவாகக் கேட்கிறது.

பிறகு பாடி முடிக்கிறார்.

14 பாட்டும் ஒரே மூச்சில் பதிவாகியிருந்தன. எதையும் திரும்பப் பாடவில்லை. தொலைக்காட்சிக்கு இப்படிப் பதிவாவது அபூர்வம்.

இன்னும் ஒன்று பாடுங்கள் என்று கொலெட்டி கேட்டார். மாட்டேன் என்றார் கோபேன். கடைசிப் பாட்டுக்கு மேல் போக என்னால் முடியாது என்பதுதான் காரணம். கொலெட்டிக்கும் அது புரிந்தது, வற்புறுத்தவில்லை.

★

பூவைப் பார்த்தவர்கள்

டிசம்பரில் நிகழ்ச்சி ஒளிபரப்பானது. ஸ்டார் டிவி வழியாக எம்.டி.வி. இந்திய வீடுகளுக்கும் வந்திருந்த காலம் அது.

அடுத்த நான்கு மாதங்களில் எல்லாம் முடிந்தது. 1994 மார்ச் 1ல் மியூனிக்கில் நிர்வானாவின் கடைசிக் கச்சேரி. ஏப்ரல் 5ல், சியாட்டிலில் ஏரிக்கரையில் இருந்த தன் வீட்டில், கோபேன் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். மூன்று நாள் கழித்து, 8ஆம் தேதிதான் உலகத்துக்குத் தெரிந்தது. வயது 27.

எம்.டி.வி. அந்த நிகழ்ச்சியைத் திரும்பத் திரும்ப ஒளிபரப்பியது. லில்லிப் பூவும் கறுப்பு மெழுகுவத்தியும் வேறொரு பொருளோடு திரையில் தெரிந்தன. தன் சாவுக்குத் தானே மேடை போட்டுக்கொண்டார் என்று பேசினார்கள். இன்றும் பேசுகிறார்கள்.

என்னால் அதை ஒப்புக்கொள்ள முடியவில்லை.

பூவைப் பார்த்தவர்களுக்குச் சாவு தெரிந்தது. பாட்டு வரிசையைப் பார்த்தால் தெரிவது வேறு. கோபேன் தன் குறிப்பேட்டில், தனக்குப் பிடித்த 50 ஆல்பங்களைப் பட்டியல் போட்டுவைத்திருந்தார். அவர் இறந்து பல ஆண்டுகளுக்குப் பின் அது அச்சில் வந்தது. அதில் வேஸலின்ஸ் உண்டு. போவியின் அதே ஆல்பம் உண்டு. ‘மீட் தி பீட்டில்ஸ்’ உண்டு. லெட் பெல்லியின் கடைசிப் பதிவுகள் உண்டு. அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு அன்றைய நிகழ்ச்சியைப் பார்த்தால், ஒரு மனிதன் தன்னை வளர்த்த பாட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து நம் கையில் கொடுப்பது தெரியும்.

மியூனிக்கின் கடைசிக் கச்சேரியிலும் முதலில் வாசித்தது, ‘தி கார்ஸ்’ குழுவின் 1978ஆம் ஆண்டுப் பாட்டு ஒன்றைத்தான். பதினான்காவது பிறந்த நாளுக்கு மாமா வாங்கிக் கொடுத்த கிட்டாரில், அவர் பழகிய முதல் பாட்டுகளில் ஒன்று அது.

இளமையில் கேட்ட பாட்டை நினைத்து ஏங்குவதைப் பலரும் பலவீனமாகப் பேசுகிறார்கள். வயதாகிவிட்டதன் அடையாளம் என்கிறார்கள். அந்த மேடையில் ஏங்கியவருக்கு வயது 26. மாற்று ராக் இசையின் உச்சம் என்று நாம் இன்று கொண்டாடும் அந்த இரவே, தனக்கு முன்னால் பாடியவர்களை நினைத்து ஒருவர் ஏங்கிய இரவு. அந்த ஏக்கம் இல்லையென்றால் அந்த ஆல்பமே இல்லை.

அது வெறும் ஏக்கமாக நின்றுவிடவும் இல்லை. மீட் பப்பெட்ஸ் 1994 ஜனவரியில் வெளியிட்ட ஆல்பம், பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் வேனில் அலைந்த அந்தக் குழுவுக்கு முதல்முறையாகப் பெரிய விற்பனையைக் கொண்டுவந்தது. வேஸலின்ஸ் 2008ல் மறுபடி மேடை ஏறியபோது கூட்டம் காத்திருந்தது. லெட் பெல்லி யார் என்று கேட்டு, ஒரு தலைமுறை 1940களின் பதிவுகளைத் தேடிப் போனது.

‘எம்.டி.வி. அன்பிளக்ட் இன் நியூயார்க்’ 1994 நவம்பர் 1ல் ஆல்பமாக வந்தது. நேராக முதலிடம். 1996ல் கிராமி.

2020 ஜூனில் அந்த மார்ட்டின் கிட்டார் ஏலத்துக்கு வந்தது. அந்த வகையில் மொத்தம் 302 கிட்டார்கள்தாம் செய்யப்பட்டிருந்தன. ஏலத்தொகை, கட்டணங்களோடு சேர்த்து, 60 லட்சத்து 10 ஆயிரம் டாலர். அதற்கு முந்தைய ஆண்டு, பொத்தான் இல்லாத அந்தப் பச்சைக் கம்பளிச் சட்டை 3 லட்சத்து 34 ஆயிரம் டாலருக்குப் போயிருந்தது.

லெட் பெல்லியின் கிட்டாருக்கு ஐந்து லட்சமா என்று சிரித்த மேடையில், கோபேனின் மடியில் இருந்த கிட்டார்தான் அந்த மார்ட்டின்.

அந்தப் பணம் அனைத்தும் கொடுத்தாலும், கடைசி வரிக்கு முன்னால் வந்த அந்த ஒரு மூச்சு ஏலத்தில் கிடைக்காது. அது நமக்குக் காசில்லாமலே கிடைத்திருக்கிறது. ஆஸ்போர்னிடமிருந்து கோபேனுக்கு ஒரு கேசட் வந்த மாதிரி.

★

நூறு கேசட்டுகள்

அன்று பிரஷ்களை வைத்துக்கொண்டு மேடையின் பின்னால் உட்கார்ந்திருந்தவரை மறந்துவிட்டோம்.

1994 ஏப்ரலுக்குப் பிறகு டேவ் குரோலால் இசையைக் கேட்கவே முடியவில்லை. வானொலியைப் போடவே பயந்தார். டிரம்ஸ் பக்கம் போகவில்லை. வேறு குழுக்கள் கூப்பிட்டன, மனம் ஒப்பவில்லை.

அந்த ஆண்டு அக்டோபரில் சியாட்டிலில் ஒரு ஸ்டூடியோவை ஒரு வாரத்துக்கு வாடகைக்கு எடுத்தார். குழு என்று யாரையும் சேர்த்துக்கொள்ளவில்லை. டிரம்ஸ் அடித்தார், எழுந்து போய் கிட்டார் வாசித்தார், பாஸ் வாசித்தார், பாடினார். இத்தனை ஆண்டுகளாக யாருக்கும் காட்டத் தயங்கித் தனக்குள் வைத்திருந்த பாட்டுகள் அவை.

முடிந்ததும் 100 கேசட்டுகள் போடச் சொன்னார். நண்பர்களுக்குக் கொடுத்தார். அதில் தன் பெயரைப் போடவில்லை.

பாட்டு மறுபடியும் கேசட்டாகி, கைக்குக் கை மாறத் தொடங்கியது. பதினோரு ஆண்டுகளுக்கு முன்னால், திரிஃப்ட்வே கடையின் பின்னால் தொடங்கிய அதே வழி.

உலகத்தின் மிகப் பெரிய குழுவில் டிரம்ஸ் வாசித்தவர், தன் சொந்தப் பாட்டுக்குத் தன் பெயரைப் போடத் தயங்கியது ஏன்?

(அடுத்த வாரம்)